சின்னவளின் பூட்டு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள்தான். நிதி கொடுக்கும் அறக்கட்டளையிலிருந்து பார்வையிட வந்த அதிகாரி அம்மாள். அவருக்குப் பக்கத்தில் லேப்டாப்பும் கையுமாகப் புரொபோசல்காரர், அதாவது சலவைக்கூடத்துக்குப் பணம் கேட்டு எழுதித் தருகிறவர். சலவைக்கூடத்தின் செயலாளரான மாப்பிள்ளை. அவருடைய மனைவியும் பெரியவரின் மூத்த மகளுமான பெரியவள். கதவோரத்தில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்த பெரியவர். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், கூடத்தில், பெரியவரின் இளைய மகள் சின்னவளும், அவளோடு சேர்ந்து விரிப்பு மடிக்கும் விசிலும், மற்றப் பிள்ளைகளும் வேலையில் இருந்தார்கள். வேறு ஒருவரும் அங்கே இல்லை. தானும் அங்கே இருந்ததாகவும் எல்லாவற்றையும் கண்ணால் கண்டதாகவும் பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் யாரும் அந்த வாசற்படியை மிதித்ததே கிடையாது.

பெரியவரை ஊரில் முத்திரையார் என்பார்கள். எடையளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாக ஏறித் தராசையும் படிக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை அடிப்பதும், சரியில்லாவிட்டால் பிடுங்கிக்கொண்டு வருவதும் அவர் வேலை. எந்தக் கடையிலும் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. வீட்டிலிருந்தே ஒரு கூஜாவில் கொண்டுபோவார். "தண்ணி உள்ளே போச்சுன்னா தராசு அவன் பக்கம் சாஞ்சிடும்" என்பார். அவருடைய தகப்பனாரும் அப்படித்தான். அந்தக் குடும்பத்தில் கை நீட்டியவர் என்று ஒருவரையும் காட்ட முடியாது.

அப்படிப்பட்டவர் ஒரு அறக்கட்டளையின் பணத்துக்குத் தலையாட்டியதே பெரிய விஷயம். பிள்ளைகளுக்காக வாங்குவது கை நீட்டுவது ஆகாது என்று மாப்பிள்ளை வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில்தான் "செய்யுங்க" என்றார். வேறு வழியும் இல்லை. உடம்பாலோ மனத்தாலோ மற்றவர்களைப் போல ஓட முடியாத இளைஞர்களும் பெண்களும் லாட்ஜுகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்துக் கொடுக்கும் இடம் அந்தச் சலவைக்கூடம். துவைக்கிற கூலியில் சோப்பும் மின்சாரமும் கட்டுப்படியாகும். ஷெட்டின் வாடகை, பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன், மூச்சை விட்டுவிட்டு இழுக்கும் தேய்ப்பு உருளை எல்லாம் வெளியிலிருந்து வரும் பணத்தில்தான் ஓடின. முன்பு கொடுத்துவந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். இந்தப் பணமும் வராவிட்டால் மாதக் கடைசியில் ஷெட்டைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகள் அவரவர் வீட்டு மூலைக்குத் திரும்பிப்போவார்கள். சின்னவளும்தான்.

அந்த அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூடத்து நீராவி ஊறி ஊறி அதன் கதவு உப்பிப்போயிருந்தது. சாத்தினால் சாத்தியதுதான். உள்ளே இருப்பவர் எவ்வளவு இழுத்தாலும் வராது. கண்ணாடியைத் தட்ட வேண்டும், வெளியிலிருந்து யாராவது தோளால் ஒரு முட்டு முட்ட வேண்டும். பெரும்பாலும் விசில்தான் முட்டுவான். காது கேட்காத வாலிபன். ஆனால் இரண்டு விரலை வாயில் வைத்து அவன் அடிக்கும் விசில், தெருக்கோடியில் போகிறவனையும் திரும்பிப் பார்க்க வைக்கும். அது எவ்வளவு சத்தம் என்று தெரியாத ஒரே ஆள் அவன்தான்.

அதிகாரி அம்மாள் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். கைப்பிடி உள்ள ஒரே நாற்காலியை அவருக்குப் போட்டிருந்தார்கள். டீயை ஊதிக் குடித்துக்கொண்டே, "எங்க கமிட்டியில நீங்க அனுப்பின இந்தப் படத்தைப் பார்த்துட்டு ரெண்டு பேர் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. நீங்க பார்த்திருப்பீங்களே சார்?" என்று பெரியவரைக் கேட்டார்.

"எந்தப் படம்?"

"ஐயா பழைய காலத்து மனுஷர் மேடம். படம் கிடம்னா பக்கத்துலயே வரமாட்டார்" என்று புரொபோசல்காரர் அவசரமாகச் சிரித்தார்.

"அப்படியா? போடுங்க, நானும் இன்னொரு தடவை பார்க்கறேன்."

புரொபோசல்காரர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றுகிற அழகை அன்றுதான் முதல்முறை காண்பவர்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் ஓடியது. முதலில் ஒரு இருட்டு நடை. அதன் கோடியில் ஒரு பச்சைக் கதவு. கதவில் ஒரு பித்தளைப் பூட்டு. வயலின் அழுதது. ஒரு பெண் குரல் சொன்னது: "இந்தக் கதவுக்குப் பின்னால்தான் ஒரு பெண் தன் குழந்தைப் பருவத்தைத் தொலைத்தாள். வெளியுலகம் பார்த்துவிடக் கூடாது என்று அவளைப் பூட்டி வைத்தவர் வேறு யாருமல்ல, பெற்ற தகப்பன்."

பெரியவருக்கு அந்தக் கதவைத் தெரிந்தது. அதற்குப் பச்சை வர்ணம் அடித்தது அவர் கை. பூட்டையும் தெரிந்தது. கடையில் வாங்கும்போதே பத்துத் தடவை பூட்டித் திறந்து பார்த்து வாங்கிய பூட்டு. அடுத்து திரையில் சின்னவளின் முகம் வந்தது. வெளிச்சத்தில் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தில், வழக்கம்போல, ஒரு கறுப்புக் கயிறு. கயிற்றில் ஒரு சிறிய சாவி.

ஆயுள் முழுக்கத் தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் புளியையும் காந்தத்தையும் தேடிய கண் அது. சாவியைப் பார்க்காமல் விடுமா? பூட்டப்பட்டவளின் கழுத்திலேயே சாவி தொங்குகிறது. அறையில் வேறு யாருக்கும் அது கண்ணில் படவில்லை. மேசைக்கு அடியில் பெரியவளின் கை வந்து அவர் முழங்காலை அழுத்திப் பிடித்தது. சும்மா இருங்கப்பா என்று அந்தக் கை சொன்னது.

அப்போது அம்மாளின் போன் அடித்தது. அறைக்குள் சிக்னல் நிற்கவில்லை. பெரியவள் கண்ணாடியைத் தட்ட, விசில் வந்து முட்ட, கதவு திறந்து அவர் கூடத்துக்குப் போனார். கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

"மாப்பிள்ளை."

"மாமா, கொஞ்சம் மெதுவா."

"அது நம்ம வீட்டுல சின்னவ அறைக் கதவு."

"ஆமா மாமா."

"யாரு எடுத்தது?"

"நான்தான். நீங்க காலையில நடக்கப் போயிருந்தீங்க."

"சின்னவ எங்கே இருந்தா?"

"அவ இங்கே வேலைக்கு வந்துட்டா."

"ஆள் வெளியில போனாத்தானே வெளியில பூட்டு தொங்கும்? உள்ளே இருந்தா அவ பூட்டை உள்தாழ்ப்பாள்ல போட்டுக்குவாளே. பொய்தான் சொல்றீங்க, அதையாவது ஒழுங்கா சொல்லக் கூடாதா?"

கோபத்திலும் அவர் மாப்பிள்ளையை 'நீங்க' என்றுதான் சொன்னார். பெண்ணைக் கொடுத்த இடத்தில் வார்த்தை தடிக்கக் கூடாது என்பது அவர் வீட்டு வழக்கம். அந்த நேரத்தில் அது அவருக்கே ஒரு வாய்ப்பூட்டாக இருந்தது.

புரொபோசல்காரர் குறுக்கே வந்தார். "ஐயா, என்னைத் திட்டுங்க, அவரை விடுங்க. போன தடவை நீங்க சொன்ன உண்மையைத்தான் எழுதினோம். அப்பா பாடம் சொல்லிக் கொடுத்தார், அம்மா உயிரோட இருந்தவரைக்கும் கண்ணுக்குள்ள வெச்சுப் பார்த்துக்கிட்டாங்க, பொண்ணு சந்தோஷமா இருந்தா, இப்ப வேலைக்குப் போறா, இன்னும் சந்தோஷமா இருக்கா. என்ன பதில் வந்தது தெரியுமா? 'மாற்றம் போதவில்லை.' மாடியில நிக்கிறவளை மொட்டை மாடிக்கு ஏத்திவிட எவன் ஐயா காசு கொடுப்பான்? பள்ளத்துலேர்ந்து தூக்கினாத்தான் கொடுப்பான்."

"அதுக்காக என் பொண்ணைப் பள்ளத்துல தள்ளினீங்களா?"

"படத்துலதானே ஐயா?"

"தள்ளினது யாருன்னு போட்டிருக்கீங்க?"

புரொபோசல்காரர் லேப்டாப்பை மூடினார். பெரியவள்தான் பேசினாள். "அப்பா, எனக்கே நேத்து ராத்திரிதான் சொன்னார். சொன்னா நீங்க இன்னிக்கு வரமாட்டீங்கன்னு வாயை மூடிக்கிட்டேன். யார் பேரும் போடலப்பா."

"பேர் எதுக்கும்மா? பேர் போட்டுப் பிரிச்சுக் காட்ட அவளுக்கு எத்தனை அப்பா இருக்காங்க?"

மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டார். "நாளைக்குக் கமிட்டி கூடுது மாமா. இந்தம்மா சரின்னுட்டா மூணு வருஷத்துக்குக் கவலையில்லை. இல்லைன்னா ஷெட்டைக் காலி பண்ணணும். ஆனா உங்க வார்த்தைதான். வேண்டாம்னா சொல்லுங்க, இப்பவே போய், படம் பொய்னு நானே சொல்லிடறேன்."

சொன்ன வேகத்தில் கதவைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். கைப்பிடிதான் ஆடியது.

"வெளியிலேர்ந்து தள்ளணும்" என்றார் பெரியவர். "உட்காருங்க."

கண்ணாடி வழியாகக் கூடத்தைப் பார்த்தார். நீராவியில் எல்லாம் கொஞ்சம் கலங்கித் தெரிந்தது. துவைக்கும் இயந்திரம் நின்று பிழியத் தொடங்கும்போதெல்லாம் கைகொட்டிச் சிரிக்கும் பையன் அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தான். கண் தெரியாத பெண் ஒவ்வொரு மூட்டையாக முகர்ந்து பார்த்து, எது எந்த லாட்ஜ் என்று பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இந்தக் கூடம் வேண்டும் என்றால் அந்தக் கதவை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கதவை மறுத்தால் இந்தக் கூடம் கிடையாது. ஒரு தட்டில் பிள்ளைகள், மறு தட்டில் பேர். எத்தனையோ தராசுகளைப் பார்த்தவருக்கு, இந்த ஒன்றில் மட்டும் எங்கே விரலை வைப்பது என்று தெரியவில்லை.

அம்மாள் திரும்பி வந்து உட்கார்ந்தார். விட்ட இடத்திலேயே பிடித்தார்.

"அந்த அப்பா இப்ப எங்கே இருக்கார்?"

"தொடர்பே கிடையாது மேடம். குடும்பம் கைகழுவிடுச்சு" என்றார் புரொபோசல்காரர்.

"சார்தான் தினமும் இங்கே இருந்து மேற்பார்வை பார்க்கறீங்கன்னு சொன்னாங்க. நீங்க அந்த மனுஷனைப் பார்த்ததுண்டா?"

பெரியவர் கொண்டுவந்த கூஜாவைத் திறந்து ஒரு வாய் குடித்தார். பெரியவளின் கை இன்னும் முழங்காலில்தான் இருந்தது.

"இருக்கார்" என்றார். "இங்கே வர்றதில்லை."

அவ்வளவுதான். அவர் வாழ்நாளில் தெரிந்தே அடித்த முதல் கள்ள முத்திரை அது.

அம்மாள் எழுந்தார். "அந்தப் பொண்ணுகிட்ட நான் ரெண்டு வார்த்தை பேசணும். நேரில் பேசினேன்னு கமிட்டியில சொல்லணும் இல்லையா?"

கண்ணாடியைத் தட்டினார்கள். விசில் முட்டினான். எல்லோரும் கூடத்துக்கு வந்தார்கள்.

இனி அந்தக் கூடத்தின் இரண்டு சட்டங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். தேய்ப்பு உருளையிலிருந்து வரும் விரிப்பை இரண்டு பேர் சேர்ந்துதான் மடிப்பார்கள். ஆளுக்கு இரண்டு நுனி. எதிரில் இருப்பவர் 'விடு' என்று சொல்லாமல் நுனியை விடக் கூடாது. அவசரப்பட்டு விட்டால் விரிப்பு தரையில் விழும், மறுபடி முதலிலிருந்து துவைக்க வேண்டும். இது முதல் சட்டம். ஒருவர் பேசும்போது அவர் வார்த்தையை அடுத்தவர் எடுத்து முடித்துவைக்கக் கூடாது, எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. இது இரண்டாவது. இரண்டையும் போட்டவர் பெரியவர்தான். இரண்டாவது சட்டம் அவர் வீட்டிலிருந்தே வந்தது. சின்னவளுக்குப் பிறந்ததிலிருந்தே உடம்பு முறுக்கிக்கொள்ளும். வலது கை மார்போடு மடங்கிக் கிடக்கும். ஒவ்வொரு வார்த்தையும் செங்குத்தான படி ஏறி வருவதுபோல வரும். வந்து சேரும்வரை அந்த வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பார்வையிட வருகிறவர்கள் கையில் சின்னவள் ஒரு நுனியைக் கொடுத்துவிடுவாள். அமைச்சராக இருந்தாலும் விடமாட்டாள். அதிகாரி அம்மாளிடமும் கொடுத்தாள். இடது கையால் ஒரு நுனியைப் பிடித்து, மற்றதை மடங்கிய கையின் முழங்கைக்குள் இடுக்கிக்கொண்டு, இழுத்து நேராக்கினாள். விரிப்பு இருவருக்கும் நடுவில் சுடச்சுட விறைத்து நின்றது.

"நல்லா பிடிக்கறேனாம்மா?"

"ம்… ப… ரவா… யில்ல."

பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மாளும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உன்னைப் பூட்டி வெச்சிருந்தாங்களே… உனக்கு உங்க அப்பா மேல கோபம் இருக்காம்மா?" என்று கேட்டார்.

சின்னவளின் முகம் சுருங்கியது. அவள் பேசப் போகிறாள் என்று தெரிந்ததும் கூடத்தில் கைகள் நின்றன. கைகொட்டும் பையன்கூடக் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"பூ… ட்டு…"

"பூட்டைப் பார்த்தாலே இன்னமும் அவளுக்குப் பயம் மேடம்" என்றார் புரொபோசல்காரர்.

விசிலுக்கு ஒன்றும் கேட்காது. ஆனால் சின்னவளின் வாய் அசையும்போது இன்னொரு வாய் அசைவதைப் பார்த்துவிட்டான். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரே அடி. அம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மொத்தக் கூடமும் திரும்பிப் புரொபோசல்காரரை முறைத்தது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

பெரியவர் தூணோரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று அவருக்குத் தெரியும். அந்த வாக்கியம் முழுதாக வந்துவிட்டால் அவர் பேர் மீளும், பணம் போகும், கூடம் போகும். கொஞ்சம் முன்னால் அவர் சொன்ன பொய்யும் அம்பலத்துக்கு வரும். "அவளுக்குக் களைப்பா இருக்கு, போகலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சட்டம் அவருடையது. அவள் பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவள் வார்த்தையை வெட்டியதில்லை. பின்னால் கட்டிய கையில் ஒரு விரல் இன்னொரு விரலை நெரித்தது. நின்றார்.

அம்மாளுக்குக் கை கடுத்தது. நுனியைக் கீழே வைக்கப் பார்த்தார்.

"விட்டுடாதீங்க மேடம்" என்றாள் பெரியவள். "அவ இன்னும் சொல்லல."

"பூட்டு… என்… னுது" என்றாள் சின்னவள். முகவாயைத் தாழ்த்திக் கழுத்துக் கயிற்றைக் காட்டினாள். "சா… வி. அப்பா… வாங்கிக்… குடுத்தார்."

அம்மாள் அப்போதுதான் சாவியைப் பார்த்தார். "எதுக்கும்மா பூட்டு?"

"பெரிய… அத்தை. ஆள்… கூட்டிட்டு… வருவா. கதவு… தட்ட… மாட்டா. ஐயோ… பாவம்… ஐயோ… பாவம்னு… வேடிக்கை." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இப்ப… தட்டறா."

பெரியவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது சிரிப்பா என்னவென்று தெரியவில்லை.

"உங்க அப்பா எங்கேம்மா?"

சின்னவள் தலையைத் தூணின் பக்கம் ஆட்டினாள். "அதோ… நிக்கறாரே… கொடிக்… கம்பம்… மாதிரி."

அம்மாள் திரும்பினார். நுனியைப் பிடித்த கைகளை நீட்டியபடியே, கழுத்தை மட்டும் திருப்பிப் பெரியவரைப் பார்த்தார்.

"நீங்களா சார்?"

"ஆமாம்மா."

"இங்கே வர்றதில்லைன்னீங்களே?"

"சொன்னேன்."

"ஏன் சார்?"

"அது தப்பான எடைக்கல்லுங்க. முத்திரை அடிச்சது நான்தான்" என்றார் பெரியவர். அதற்கு மேல் ஒரு சொல் விளக்கம் சொல்லவில்லை. மாப்பிள்ளை முன்னால் வந்து, "மேடம், மாமா மேல எந்தத் தப்பும் இல்ல, படத்தை எடுத்தது நான்…" என்று தொடங்கினார்.

"நீங்க கொஞ்ச நேரம் சும்மா இருக்கீங்களா?" என்றார் அம்மாள். கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. களைத்துப்போய்ச் சொன்னதுபோல் இருந்தது. உருளை புஸ்ஸென்று மூச்சு விட்டது.

பிறகு அவராகவே பேசினார். "நேரில் விசாரிச்சேன், படத்துல இருக்கறது உண்மைன்னு போன வாரமே மேலே சொல்லிட்டேன் சார். எனக்கு இதுபோல நிறைய இடம். ஒவ்வொண்ணுக்கும் போய் வர நேரமில்ல. அதனாலதான் இன்னிக்கு ஓடி வந்தேன். நாளைக்குப் போய் அது பொய்னு சொன்னா உங்க பணமும் போகும், என் வேலையும் போகும்."

"படத்தை மாத்தி எடுக்க முடியாதா?" என்றார் பெரியவர்.

"மாத்தினா மறுபடி முதல்லேர்ந்து. அடுத்த வருஷம்தான்." அம்மாள் பெரியவரின் முகத்தைப் பார்க்காமல் விரிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் இந்த விரிப்பைப் பிடிக்கவே இல்லைன்னு வெச்சுக்கலாம். இந்தப் பொண்ணு பேசினது என் காதுல விழவே இல்லைன்னு வெச்சுக்கலாம். நீங்க சொல்லுங்க சார்."

கதவு உப்பிய அறையைவிட அந்தப் பெரிய கூடம் பெரியவருக்கு அப்போது இறுக்கமாக இருந்தது. எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். சரி என்றால் தன் கையாலேயே தன் பேரைத் துவைத்துப் பிழிய வேண்டும். மாட்டேன் என்றால் இந்தப் பிள்ளைகளைத் தன் பேருக்குக் காவு கொடுத்ததாகும்.

"என்கிட்ட கேட்காதீங்க" என்றார். "பூட்டு அவளுது."

பெரியவள் தங்கையின் பக்கத்தில் போய், படத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று ஒன்று விடாமல் சொன்னாள். அப்பா பூட்டி வைத்ததாக. வெளியே யாரும் பார்த்துவிடக் கூடாது என்று. அந்தப் படம் ஊர் ஊராக ஓடும் என்று. அதை வேண்டாம் என்றால் கூடத்தை மூட வேண்டும் என்று. சின்னவள் கேட்டுக்கொண்டே விரிப்பை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தாள். முதலில் மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"அத்… தான்."

"சொல்லும்மா."

"இனிமே… கதவைத்… தட்டணும்."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். "தட்டறேம்மா."

பிறகு கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு அப்பாவை. நெடுநேரம் பார்த்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"இருக்கட்டும்… படம்" என்றாள். "அப்பா… பிடிச்சுக்குவார்."

பெரியவரின் கை கூஜாவைத் தேடியது. அது உள்ளே அறையில் இருந்தது. "எவ்வளவு நாளைக்கும்மா?" என்று கேட்டார்.

"நான்… சொல்ற… வரைக்கும்."

அவர் தலையசைத்தார். அவள் அம்மாளின் பக்கம் திரும்பினாள். "விடு" என்றாள். அந்த ஒரு வார்த்தை மட்டும் அவளுக்கு எப்போதும் தடங்கல் இல்லாமல் வரும். அம்மாள் நுனியை விட்டார். விரிப்பு மடிந்து சின்னவளின் கைக்குள் போனது.

பணம் வந்தது. தேய்ப்பு உருளை புதிதாக வந்தது. வேனுக்கு டயர் மாற்றினார்கள். அறைக் கதவை மட்டும் மாற்றவில்லை. அதற்கென்று ஒதுக்கிய தொகை எதுவும் இல்லையாம்.

படமும் ஓடியது. அறக்கட்டளையின் ஆண்டுக் கூட்டத்தில் ஓடி, அங்கிருந்து போன் போனாகத் தாவி, கடைசியில் அவர் தெருவுக்கே வந்து சேர்ந்தது. பேர் போடாவிட்டால் என்ன, சின்னவள் முகத்தைத் தெரியாதவர்கள் யார்? மருந்துக்கடைக்காரர் மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்தார். முன்பு அவரைக் கண்டால் பீடியை ஒளித்த கடைக்காரர்கள், இப்போது புகையை முகத்துக்கு நேராகவே விட்டார்கள். பெரிய அத்தை போன் செய்து, "நான் வந்தப்ப எல்லாம் பூட்டியிருந்ததுக்கு இதுதானாடா காரணம்? என் வாயாலே சொன்னேனே, பொண்ணு பாவம்னு!" என்று அழுதாள். பெரியவர், "உடம்பைப் பார்த்துக்கோக்கா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார்.

ஒருவருக்கும் அவர் மறுத்துச் சொல்லவில்லை. நடையை நிறுத்தவும் இல்லை. அதே தெரு, அதே நேரம், அதே நிமிர்ந்த முதுகு. வேறு தெரு வழியாகப் போனால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாகிவிடும். நின்று விளக்கம் சொன்னால் கூடம் போய்விடும். ஆகவே பேசாமல் நடந்தார். கூடத்தில் சில நாள் சின்னவள் விரிப்பின் மறுமுனையிலிருந்து அவரைப் பார்த்து, "கை… வலிக்குதா?" என்று கேட்பாள்.

"இல்லம்மா."

"பொய்."

"கொஞ்சம்."

பணத்தின் கடைசித் தவணை வந்து, கணக்கெல்லாம் ஒப்படைத்து முடிந்த மறுநாள், அவள் ஒரு விரிப்பை மடித்து அடுக்கின்மேல் வைத்தாள். தூணோரம் நின்றவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"விடு… ப்பா" என்றாள்.

அதனால் இப்போது சொல்லலாம். படம் இன்னும் எங்கேயோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. யார் நம்புவார்கள் என்பது வேறு விஷயம்.

முத்திரையார் தம் இளைய மகளை வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்தார் என்று பேசிக்கொள்கிறார்கள். வைக்கவில்லை. பூட்டு அவளுடையது. சாவி இன்றைக்கும் அவள் கழுத்தில்தான் கிடக்கிறது.